சென்டரில் உயரம் இல்லாத அணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பி, மாலையில் நந்தனத்திலோ பெரியமேட்டிலோ கோர்ட்டில் இறங்குகிறவர்கள் சென்னையில் நிறையப் பேர். இரண்டு இடத்திலும் ஒரே புலம்பல்தான் காதில் விழும்: "நம்ம பிவட் குட்டை, அதான் தோத்தோம்." பிவட் என்றாலும் சென்டர் என்றாலும் ரிங்குக்கு அருகே ஆடுபவர்தான். இந்தப் புலம்பலில் பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாததால்தான் பல அணிகள் தேவையில்லாமல் தோற்கின்றன. ரசிகர்களும் ஆட்டக்காரர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

எவ்வளவு உயரம் இருந்தால் "குறைவு" என்று சொல்லலாம்?

என்பிஏ சென்டர் என்றால் 6 அடி 10 அங்குலத்திலிருந்து 7 அடி 1 அங்குலம் வரை சாதாரணம். 6 அடி 8க்குக் கீழே உள்ள ஒருவர் அந்த இடத்தில் முழுநேரம் ஆடினால், அந்த அணி சிறிய அணி என்றே பேசப்படும். மறுபக்கம் விக்டர் வெம்பன்யாமா போன்றவர் 7 அடி 4 அங்குலத்தில் நிற்கிறார். சென்னைக் கல்லூரி, அலுவலக அணிகளில் 6 அடி 2, 6 அடி 3 இருந்தாலே சென்டர் ஆகிவிடலாம். பிரச்சினை வெளிமாநில அணி வந்து இறங்கும்போதுதான் தெரியும்.

உயரம் எப்போதும் எதிராளியோடு வைத்துப் பார்க்க வேண்டிய விஷயம். 3 அங்குல வித்தியாசத்தை ஒரு நல்ல சென்டர் தனியாகவே சமாளிப்பார். 6 அங்குலம் என்றால் ஐந்து பேரும் ஆட்டத்தை மாற்றியாக வேண்டும்.

பட்டியலில் போடும் உயரத்தை நம்பலாமா?

பழைய பட்டியல்களை அப்படியே நம்ப வேண்டாம். ஷூவோடு அளந்ததும், அங்குலம் ஒன்றிரண்டு கூட்டிப் போட்டதும் உண்டு. 2019–20 பருவத்திலிருந்துதான் ஷூ இல்லாமல் அளந்து உறுதி செய்த உயரத்தை என்பிஏ கேட்டு வாங்குகிறது.

உங்கள் அணியில் உயரத்தைவிட எட்டும் உயரத்தை அளந்து வையுங்கள். ஆட்ட ஷூவோடு சுவரை ஒட்டி நின்று, குதிகாலைத் தூக்காமல், சாக்பீஸ் தடவிய விரல் நுனியால் ஒரு கோடு. பிறகு இரண்டு எட்டு வைத்துக் குதித்து இன்னொரு கோடு. ரிங் 305 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, இரண்டு கோடுகளும் அதற்கு எவ்வளவு கீழே என்று எழுதுங்கள். கையின் நீளமும் தோளின் அகலமும் ஆளுக்கு ஆள் மாறுவதால், ஒரே உயரமுள்ள இருவரின் கோடுகளுக்கு நடுவே ஒரு சாண் வித்தியாசம்கூட வரலாம். டிரேமண்ட் கிரீன் 6 அடி 6 அங்குலத்தில் சென்டர் ஆட முடிந்ததற்கு, விரித்தால் 7 அடியைத் தாண்டும் அவர் கைகள் ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவது அளவு ஒன்றும் உண்டு, அதைப் பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. இறங்கியவுடன் மறுபடி எவ்வளவு சீக்கிரம் குதிக்கிறார்? போர்டில் ஒரு அடையாளம் வைத்து, ஐந்து முறை தொடர்ந்து தொட எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தை எடுப்பது) பல நேரம் இரண்டாவது குதியில்தான் முடிவாகும். அங்கே உயரமான, கனமான ஆள்தான் பின்தங்குவார்.

உயரக் குறை முதலில் எங்கே தெரியும்? பிளாக்கிலா?

பிளாக்கில் தெரியாது. பிளாக் (எதிராளியின் ஷாட்டைக் கையால் தட்டித் தடுப்பது) கைதட்டல் வாங்கும், ஆனால் ஓர் ஆட்டத்தில் ஒரு அணிக்கு நாலைந்து கிடைத்தாலே அதிகம். ரீபவுண்ட் முப்பது நாற்பது வரும். அடி விழுவது அங்கேதான், அதுவும் உங்கள் ரிங்கின் கீழே.

கணக்கு எளிது. எதிரணி தவறவிட்ட ஷாட்களில் நீங்கள் 28 எடுத்தீர்கள், அவர்களே மறுபடி 12 எடுத்தார்கள் என்றால், 40க்கு 28, அதாவது 70 சதவீதம். என்பிஏவில் தடுக்கும் அணி ஏறத்தாழ நாலில் மூன்று பங்கை எடுத்துவிடும். 70 என்பது தோற்கும் கணக்கு. ஆனால் அந்த 12, 10 ஆகியிருந்தால் நீங்கள் 75க்கு வந்துவிடுவீர்கள். வித்தியாசம் இரண்டே ரீபவுண்ட். இரண்டு ரீபவுண்டுக்காக 7 அடி ஆளைத் தேட வேண்டியதில்லை.

அந்த இரண்டு எங்கே போகிறது என்று பார்க்க, ஸ்கோர் ஷீட்டின் ஓரத்தில் ஒரு வேலை செய்யுங்கள். எதிரணி தாக்குதல் ரீபவுண்ட் எடுக்கும்போதெல்லாம், அந்த ஆளைக் காக்க வேண்டியவரின் ஜெர்சி எண்ணை எழுதுங்கள். நாலு ஆட்டம் முடிந்ததும் பட்டியலைப் பார்த்தால், சென்டரின் எண்ணோடு ஷாட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற கார்டுகளின் (வெளியே பந்தைக் கொண்டுவருபவர்கள்), ஃபார்வர்டுகளின் (பக்கவாட்டில் ஆடுபவர்கள்) எண்ணும் சரிபாதி இருக்கும். பழி மட்டும் பிவட் தலையில் விழுகிறது.

ரீபவுண்டை விட்டால் நஷ்டம் இரண்டு புள்ளியோடு நிற்பதில்லை. ஷாட் கிளாக் (ஷாட் போட அணிக்குத் தரப்படும் நேரம்) 14 நொடிக்குத் திரும்பும். ஏற்கெனவே ஓடிக் களைத்த அணி மறுபடி தடுக்க வேண்டும். ஃபவுல் அப்போதுதான் வரும்.

உயரம் குறைந்த சென்டர் பாக்ஸ் அவுட் செய்வது எப்படி?

பாக்ஸ் அவுட் என்றால், ஷாட் போனதும் எதிராளியை முதுகால் அடைத்து ரிங்கிலிருந்து தள்ளி நிறுத்துவது. ஷாட் கையை விட்டுப் போன நொடியில் பந்தைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள். முன்கையை அவர் மார்பில் கொடுத்து முதல் அடியை நிறுத்துங்கள். பிறகு ஒரு காலை அவருடைய இரண்டு பாதங்களுக்கு நடுவே வைத்துச் சுழன்று, முதுகைக் கொடுங்கள். நாற்காலியில் உட்காருவதுபோல இறங்கி, உங்கள் இடுப்பு அவருடைய மேல்தொடையில் பதிய வேண்டும். உயரமானவரின் பலமெல்லாம் மேலே இருக்கிறது. அவரை நகர்த்த முடிகிற இடம் இடுப்புக்குக் கீழேதான். முழங்காலில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். அது ஃபவுல், அதைவிட அவருக்குப் பெரிய காயம். மனதுக்குள் "ஒன்று, இரண்டு" எண்ணும்வரை அழுத்தத்தை விடாமல் இருந்து, பிறகு பந்துக்குப் போங்கள்.

தப்பாகிற இடங்களில் முதலாவது, ரிங்குக்கு அடியிலேயே போய் நிற்பது. ஃபிபா (உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) கோர்ட்டில் ரிங்கின் நடுவுக்கு நேர் கீழே 1.25 மீட்டர் ஆரத்தில் ஒரு அரைவட்டம் போட்டிருப்பார்கள். அது சார்ஜ் விதிக்காக (பந்தோடு வருபவர் தற்காப்பாளர்மேல் மோதும் ஃபவுல்) போட்டது, ஆனால் உயரம் குறைந்த சென்டருக்கு அதுவே லட்சுமணக் கோடு. உங்கள் பாதம் அதற்குள் தள்ளப்பட்டுவிட்டால், பந்து உங்கள் தலைக்கு மேலே பறந்து பின்னால் நிற்பவர் கையில் விழும். கோட்டுக்கு வெளியே நின்று, அவரையும் வெளியே வையுங்கள். ஏற்கெனவே உள்ளே தள்ளிவிட்டார்களா? அப்படியானால் முயற்சியைத் திருப்பிப் போடுங்கள்: அவருக்குப் பின்னால் சுற்றி வந்து, அவரையே ரிங்குக்கு அடியில் அழுத்துங்கள். அங்கே அவருக்கும் பந்து எட்டாது.

இன்னொரு தவறு, பந்தை எடுத்தபின் இடுப்புக்கு இறக்குவது. எட்டிப் பிடித்த பந்து தாடைக்கு அடியில், முழங்கை விரித்து இருக்கட்டும். கீழே கொண்டுவந்தால் எதிரணியின் சின்ன கார்டு தட்டிவிட்டுப் போவார்.

சென்டரே பந்தை எடுத்தாக வேண்டும் என்று யாரும் விதி எழுதவில்லை. ஓக்லஹோமா சிட்டியில் ஸ்டீவன் ஆடம்ஸ் எதிரணியின் பெரிய ஆளைப் பிடித்து வைக்க, கார்டான ரசல் வெஸ்ட்புரூக் ஓடி வந்து எடுப்பார். 2016–17 பருவத்தில் வெஸ்ட்புரூக்கின் சராசரி ஆட்டத்துக்கு 10.7 ரீபவுண்ட். உங்கள் பிவட் எதிரணிப் பிவட்டைக் கட்டிப்போட்டால் அவர் வேலை முடிந்தது. பந்து மற்ற நால்வரின் பொறுப்பு. மூலையிலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட் தவறினால் பெரும்பாலும் எதிர்ப்பக்கம்தான் விழும். அந்தப் பக்கத்துக் கார்டு ஃபாஸ்ட் பிரேக்குக்கு (எதிரணி திரும்புமுன் ஓடித் தாக்குவது) முன்கூட்டியே ஓடாமல் இரண்டு எட்டு உள்ளே வந்திருக்க வேண்டும்.

போஸ்டில் (ரிங்குக்கு அருகே பிவட் நிற்கும் இடம்) பந்து போய்விட்டால் கதை முடிந்ததா?

போகவிடாமல் பார்ப்பதுதான் முதல் தற்காப்பு. எதிராளிக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர் பந்தை வாங்கியபின் கை தூக்குவது உயரம் குறைந்தவருக்கு ஒத்துவராது. ரிங்கிலிருந்து ஒரு மீட்டரில் வாங்கினால் அவர் திரும்பிப் போட்டுவிடுவார். மூன்று மீட்டரில் வாங்கினால் டிரிபிள் செய்தாக வேண்டும், உதவி வர நேரம் கிடைக்கும். ஆகவே அவர் கோர்ட்டின் இந்தப் பக்கம் ஓடிவரும்போதே, இடத்தைப் பிடிப்பதற்கு முன்பே, மார்பைக் கொடுத்துப் பாதையை மறியுங்கள்.

பந்து பக்கவாட்டில் இருக்கும்போது முன்னால் வந்து ஃப்ரண்ட் செய்யலாம். அதற்கு இரண்டு துணை வேண்டும். பந்து வைத்திருப்பவரின் மூக்குக்கு நேராகக் கை வைத்து அழுத்தம் கொடுக்க ஒருவர். மேலே தூக்கிப் போடும் பாஸைப் பிடிக்க எதிர்ப்பக்கத்திலிருந்து பெயிண்டுக்குள் (ரிங்குக்கு முன்னால் கோடு போட்ட பகுதி) வர இன்னொருவர். இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் ஃப்ரண்ட் செய்தால் நேராக லே அப் (ரிங்குக்கு அருகே போய்ப் போடும் எளிய ஷாட்). பந்தின்மேல் அழுத்தம் இல்லாததுதான் பெரும்பாலும் கோட்டை விடும் இடம்; திட்டு வாங்குவது பிவட்.

பந்து போய்விட்டால், இரட்டைப் பிடி (இரண்டாவது ஆளும் வந்து மடக்குவது) அவர் முதல் டிரிபிள் செய்யும்போது வரட்டும். பிடித்தவுடனே ஓடினால், அவர் தலைக்கு மேலிருந்தே ஆளில்லாத இடத்துக்குப் பாஸ் கொடுத்துவிடுவார்.

பிக் அண்ட் ரோலில் எல்லாவற்றையும் சுவிட்ச் செய்யலாமா?

பிக் அண்ட் ரோல் என்றால், ஒருவர் ஸ்கிரீன் போட்டு (தற்காப்பாளரின் வழியை உடலால் மறைத்து) பந்து வைத்திருப்பவருக்கு வழி விட்டு, பிறகு ரிங்கை நோக்கித் திரும்பி ஓடுவது. சுவிட்ச் என்றால், தடுப்பவர்கள் தங்கள் ஆட்களை மாற்றிக்கொள்வது. சிறிய அணிக்குக் கிடைக்கும் உண்மையான லாபம் இதுதான். உங்கள் சென்டர் வேகமாகக் கால் நகர்த்துபவர் என்றால், கார்டைத் துரத்த அவரால் முடியும். 7 அடி ஆள் அங்கே திணறுவார்.

ஆபத்து மறுமுனையில். சுவிட்ச் ஆனதும் உங்கள் 5 அடி 10 கார்டின்மேல் அவர்களுடைய பெரிய ஆள் உட்கார்ந்திருப்பார். அதற்கு மாற்று உண்டு: ரோல் ஆகிறவர் பெயிண்டை அடையும் முன்பே, எதிர்ப்பக்கம் நிற்கும் ஃபார்வர்டு அவரை எடுத்துக்கொண்டு, கார்டை "வெளியே போ" என்று மூலைக்குத் தள்ளிவிட வேண்டும். பந்து காற்றில் இருக்கும் நேரத்தில் இந்த இடமாற்றம் முடிய வேண்டும். சத்தம் போடாத அணியால் இது முடியாது. பயிற்சியில் பேசாமல் சுவிட்ச் செய்தால் அந்தச் சுற்றைச் செல்லாது என்று வைத்துப் பாருங்கள், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

ஜோன் போட்டுவிட்டால் போதாதா?

ஜோன் என்றால், ஆளைக் காக்காமல் ஆளுக்கொரு இடத்தைக் காப்பது. சென்னையில் நடக்கும் போட்டிகள் ஃபிபா விதிப்படி. அதில் தற்காப்பு மூன்று நொடி விதி கிடையாது; உங்கள் சென்டர் பெயிண்டுக்குள்ளேயே நிற்கலாம். என்பிஏவில் 2001–02லிருந்து ஜோனுக்கு அனுமதி இருந்தாலும், யாரையும் நெருங்கிக் காக்காமல் மூன்று நொடிக்கு மேல் பெயிண்டில் நின்றால் டெக்னிகல் ஃபவுல். ஆக, டிவியில் பார்ப்பதைவிட நமக்கு ஜோன் சுலபம்.

ஆனால் ஜோன், போஸ்ட் தொல்லையைக் குறைத்து ரீபவுண்ட் தொல்லையைக் கூட்டும். ஷாட் போகும்போது யாருக்கு யார் என்பது தெளிவாக இருக்காது. 2-3 ஜோனில் (முன்னால் இருவர், ரிங் பக்கம் மூவர்) கீழே உள்ள மூவரும் பந்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். இடைவெளியில் ஒரு ஆள் நுழைந்து தட்டிவிடுவார். "என் இடத்துக்குள் நிற்பவர் என் ஆள்" என்று ஷாட் போன நொடியில் முடிவு செய்யப் பழக்காமல் ஜோன் போடாதீர்கள்.

ஃபிபா விதியில் உயரமானவருக்குக் கூடுதல் லாபம் உண்டா?

உண்டு. ஆட்டத்தில் போட்ட ஷாட் ரிங்கில் பட்டுவிட்டால், ரிங்குக்கு மேலேயே இருந்தாலும், அதை இரு அணியினரும் தொடலாம். என்பிஏவில் அது தவறு. ரிங்குக்கு மேல் கை போகிறவர் உருண்டுகொண்டிருக்கும் பந்தை உள்ளே தட்டுவார், அல்லது வெளியே தள்ளுவார். இதைத் தடுக்க உயரம் குறைந்தவருக்குக் குதி உதவாது. அவரை ரிங்கிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி வைப்பதுதான் வழி. மறுபடியும் பாக்ஸ் அவுட்.

சிறிய சென்டரோடு பெரிய அணிகள் ஜெயித்திருக்கின்றனவா?

2015 என்பிஏ இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 1–2 என்று பின்தங்கியது. நாலாவது ஆட்டத்தில் 7 அடி ஆண்ட்ரூ போகட்டை முதல் ஐவரிலிருந்து எடுத்து, ஆண்ட்ரே இகுவாடாலாவை இறக்கி, கிரீனைச் சென்டராக்கினார்கள். எதிரணி கிளீவ்லாந்தின் உயரமான சென்டர் மோஸ்காவ் அந்த ஆட்டத்தில் 28 புள்ளி எடுத்தார். ஆனால் வாரியர்ஸ் 103–82 என்று ஜெயித்தது. அடுத்த ஆட்டத்தில் மோஸ்காவை 9 நிமிடம் மட்டுமே இறக்கினார்கள். வெளியே ஓடுகிறவர்களை அவரால் காக்க முடியவில்லை. தொடர் 4–2. உயரமானவர் 28 எடுப்பதும், அவர் அணி 21 புள்ளியில் தோற்பதும் ஒரே இரவில் நடக்கும் என்பதை மறக்காதீர்கள்.

2009 பிளே ஆஃப்பில் லேக்கர்ஸுக்கு எதிரான தொடரில் ஹூஸ்டனின் 7 அடி 6 அங்குல யாவ் மிங் மூன்றாவது ஆட்டத்தோடு காயத்தில் வெளியேறினார். 6 அடி 6 அங்குல சக் ஹேய்ஸ் அந்த இடத்தில் நின்றார். ஆண்ட்ரூ பைனம், பாவ் கசோல் என்று இரண்டு 7 அடி ஆட்களை வைத்திருந்த லேக்கர்ஸை ஏழாவது ஆட்டம் வரை இழுத்தார்கள். லேக்கர்ஸ்தான் அந்த ஆண்டின் சாம்பியன்.

தோல்வியும் உண்டு. அதே ஹூஸ்டன் 2020 பிப்ரவரியில் தன் சென்டர் கிளின்ட் கபேலாவை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு, 6 அடி 5 அங்குல பி.ஜே. டக்கரைச் சென்டராக்கியது. அந்த ஆண்டு பிளே ஆஃப்பில் லேக்கர்ஸ் அவர்களை 4–1 என்று முடித்தது. லேக்கர்ஸும் தங்கள் கனமான சென்டர்களை ஒதுக்கிவிட்டு, ஆந்தனி டேவிஸை அந்த இடத்தில் வைத்தது. உயரமும் வேகமும் ஒரே ஆளிடம் இருந்தால் சிறிய அணியின் லாபம் கரைந்துவிடும். இதற்கு நேர்மையான பதில் எங்களிடம் ஒன்றுதான்: அன்றைக்கு மூன்று புள்ளி ஷாட் விழ வேண்டும்.

தாக்குதலில் என்ன செய்வது?

எதிரணிப் பிவட்டை ரிங்கிலிருந்து வெளியே இழுங்கள். உங்கள் சென்டர் 6.75 மீட்டர் கோட்டிலிருந்து மூன்றில் ஒன்று போட்டாலே அவர் வந்தாக வேண்டும். ஷாட் இல்லாதவர் என்றால் ஸ்கிரீன் போட்டுவிட்டு ஃப்ரீ த்ரோ கோட்டருகே பந்து வாங்கி, அங்கிருந்து மூலைக்குப் பாஸ் கொடுக்கட்டும். ரீபவுண்ட் எடுத்தவுடன் முதல் மூன்று எட்டில் அவர் முந்தினால், மறுமுனையில் எதிரே பிவட்டே இருக்க மாட்டார்.

பிவட் எதிரே நிற்கும்போது நேராகப் போய் லே அப் போடாதீர்கள். ரிங்கைக் கடந்து மறுபக்கத்திலிருந்து போட்டால், ரிங்கும் வலையும் அவர் கைக்குக் குறுக்கே வந்து உங்களைக் காக்கும். அல்லது இரண்டு காலில் நின்று, ஒரு முறை ஏமாற்றி, அவர் குதித்து இறங்கும்போது போடுங்கள்.

திறந்தவெளிக் கோர்ட்டில் ஒரு எச்சரிக்கை. மாலையில் கடற்காற்று வீசும்போது தூர ஷாட்டை மட்டும் நம்பி ஆடும் சிறிய அணி ஏமாறும்.

பிவட் சீக்கிரம் ஃபவுல் வாங்கிவிடுகிறார். என்ன செய்ய?

ஃபிபாவில் ஐந்தாவது ஃபவுலோடு வெளியே, என்பிஏவில் ஆறு. முதல் குவார்ட்டரில் இரண்டு வாங்கினால் உட்கார வையுங்கள், இடைவேளைக்குள் மூன்றாவது வேண்டாம். காரணம் பெரும்பாலும் கையைக் கீழே வீசுவது. நேராக மேலே, தன் இடத்துக்குள் குதித்தால் உடல் மோதினாலும் ஃபவுல் இல்லை. மாற்று ஆளாக இன்னொரு பிவட் இல்லையென்றால், பலமான கால்களுள்ள ஒரு ஃபார்வர்டை வாரம் ஒரு நாளாவது போஸ்ட் தற்காப்பில் பழக்குங்கள்.

ஒரு 7 அடி ஆளை வாங்கிவிட்டால் தீர்ந்ததே?

என்பிஏவில் நினைத்த நேரத்தில் வாங்க முடியாது. வீரர் பரிமாற்றம் பிப்ரவரியில் மூடிவிடும். 10 நாள் ஒப்பந்தம் ஜனவரி 5க்குப் பிறகுதான். வேறு அணி மார்ச் 1க்குப் பின் விடுவித்தவரைச் சேர்த்தால் அவர் பிளே ஆஃப் ஆட முடியாது. டூ வே ஒப்பந்தக்காரரும் (என்பிஏ அணிக்கும் அதன் கீழ்நிலை லீக் அணிக்கும் மாறி மாறி ஆடுபவர்) அப்படித்தான், முழு ஒப்பந்தத்துக்கு மாற்றினால் ஒழிய.

நம் ஊரில் அந்த உயரமே அபூர்வம். பஞ்சாபின் சத்னாம் சிங் 7 அடி 2 அங்குலம்; 2015ல் டல்லாஸ் அவரை 52வதாகத் தேர்ந்தெடுத்தது, என்பிஏ டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுப்பது) எடுக்கப்பட்ட முதல் இந்தியர். அப்படிப்பட்ட உயரம் இருந்தும் என்பிஏ ஆட்டத்தில் அவர் களமிறங்கவில்லை. உயரத்தோடு கால் வேகமும் வேண்டும். தேடுவதாக இருந்தால் மேலே சொன்ன மூன்று அளவையும் எடுத்துவிட்டுத் தேடுங்கள்.

வாரத்தில் மூன்று நாள்தான் பயிற்சி. எதைச் செய்வது?

ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் வட்டப் பயிற்சி: நடுவட்டத்தின் மையத்தில் பந்தை வைத்து, வெளியே உள்ளவரை ஐந்து நொடி உள்ளே விடாமல் முதுகால் நிறுத்த வேண்டும். பிறகு 3க்கு 3, ஆனால் தவறிய ஷாட் தரையில் ஒரு முறை குத்திய பிறகே எடுக்கலாம். குதிக்க முடியாததால் ஆளைப் பிடித்து வைக்கும் பழக்கம் தானாக வரும். வாரத்தில் இரண்டு நாள் ஸ்குவாட்.

சென்னையில் பல கோர்ட் சிமெண்ட். குதிப் பயிற்சியை ஒரு நாளில் 60 இறக்கத்துக்கு மேல் கொண்டுபோகாதீர்கள், அடுத்தடுத்த நாளில் செய்யாதீர்கள். முழங்காலுக்குக் கீழே வலி தொடங்கினால் நிறுத்துங்கள். வியர்வையில் பந்து வழுக்கும். சென்டரின் இடுப்பில் ஒரு துண்டு எப்போதும் இருக்கட்டும்.

கம்பியில் தொங்கினால் பையன் வளருவானா?

மாட்டான். தோளுக்கும் கைப்பிடிக்கும் நல்லது, அவ்வளவுதான். தூக்கமும் சாப்பாடும் சரியாக இருக்கட்டும்.

ஜம்ப் பாலை எப்போதும் தோற்கிறோமே?

ஃபிபாவில் ஜம்ப் பால் (நடுவர் மேலே எறியும் பந்தை இருவர் குதித்துத் தட்டுவது) ஆட்டத் தொடக்கத்தில் ஒரே முறை. அதில் பந்தைப் பிடிக்காத அணிக்குத்தான் அடுத்த அம்புக்குறி (அடுத்த முறை பந்து யாருக்கு என்று காட்டுவது). ஆகவே நீட்டிக்கொண்டு நின்று தோற்பதைவிட, எதிரணிப் பிவட் வழக்கமாக எந்தப் பக்கம் தட்டுகிறார் என்று பார்த்து, அந்தப் பக்கம் உங்கள் வேகமான இரண்டு கார்டுகளை நிறுத்துங்கள். பிடித்தால் பந்து, பிடிக்காவிட்டால் அம்புக்குறி.